வல்லவனுக்குப் புல் போதுமா?

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்னும் பழமொழியைப் போல இந்நகரத்து இசைக் கலைஞர்களின் வயிற்றில் அடித்த தொடர் வேறொன்று இல்லை என்று சொல்லத் துணிகிறோம். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவர், 'நல்ல பிக்கப் ஒன்று வாங்க வேண்டும், பழைய ப்ராசஸரை மாற்ற வேண்டும்' என்று வாய் திறந்தால் போதும். விழாக்குழுச் செயலாளர் முதல் இசை விமரிசகர் வரை எல்லோரும் இப்பழமொழியை எடுத்து அவர் வாயை அடைத்துவிடுகிறார்கள். 'இசை விரலில் இருக்கிறது தம்பி, பெட்டியில் இல்லை' என்பது அதற்கு எழுதப்பட்ட நவீன உரை. கேட்க ஞானவாக்குப் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஞானம் எப்போது பிறக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஊதியம் பேசும் வேளையிலும் ஒலியமைப்புக்குப் பணம் கேட்கும் வேளையிலுமே பிறக்கிறது.

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் கிட்டார், கேபிள், ஆம்ப்ளிஃபயர் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுத்தாளர் ஒருவர் தம் பேனாவின் முனையைப் பற்றியும், எழுதும் தாளின் வழவழப்பைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதினால் நாம் ரசித்துப் படிக்கிறோம். அதைப் படைப்பு ரகசியம் என்கிறோம். இசைக் கலைஞர் தம் கருவியைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினால் மட்டும் அது பொருளாசை ஆகிவிடுகிறது. இந்த ஓரவஞ்சனைக்கு எதிராகவே இக்கட்டுரை.

முதலில், நம் பழைய இலக்கியம் இந்தப் பழமொழியின் பக்கம் நிற்கிறதா என்று பார்ப்போம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை ஊர் ஊராகச் சென்று கலை நிகழ்த்திப் பிழைத்தவர்களின் பாட்டு. இன்றைய மொழியில் சொன்னால், கச்சேரிக்குக் கச்சேரி ஓடும் கலைஞர்களின் பாட்டு. அது யாழை எப்படி அறிமுகம் செய்கிறது? 'இனிய யாழ்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடவில்லை. பத்தர், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், தோலை இறுக்கிய ஆணிகள், தண்டு, வார்க்கட்டு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாக நின்று பார்க்கிறது; ஆணிக்குக்கூட நண்டின் கண்ணை உவமை தேடுகிறது. கருவியின் ஆணியைப் பாடுவது புலமைக்கு இழுக்கு என்று அப்புலவர் நினைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்கிறது; அந்தக் கோல் எத்தனை விரல் நீளம் என்பதும் அதில் இருக்கிறது. தூணின் நிழல் அவையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை அதன் கவனம் நீள்கிறது. மாதவி வல்லவள் ஆயிற்றே, தூண் நிழலிலேயே ஆடிவிட்டுப் போகட்டும் என்று இளங்கோவடிகள் விட்டுவிடவில்லை.

பெரியபுராணத்தில் இன்னும் கூர்மையான சாட்சியம் உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்தில் தம் கருவிக்கு அடங்காத ஒரு பதிகத்தை எதிர்கொள்கிறார். யாழ்மூரி என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. வாசிக்க இயலாமல் மனம் நொந்து யாழை உடைக்கப் போனவரைச் சம்பந்தர் தடுத்து, கருவியில் இயன்ற அளவு வாசிக்கச் சொல்கிறார். யாழ்ப்பாணரை விட வல்லவர் யார்? அவருக்கே கருவிக்கு எல்லை உண்டென்று தெரிந்திருந்தது. சம்பந்தரும் 'விரலில் இருக்கிறது இசை' என்று அவரைக் குற்றம் சொல்லவில்லை. நம் பழமொழிப் பிரியர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

இலக்கியம் பழையது என்றால் நம் நகரத்தின் இசை வரலாற்றுக்கு வருவோம். மேலைநாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வந்த கருவியை நம்மவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நின்று வாசித்ததை உட்கார்ந்து வாசித்தார்கள், தலைப்பகுதியைக் காலில் ஊன்றினார்கள், சுருதியைச் சட்ஜமும் பஞ்சமமுமாக மாற்றிக் கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னை மேடைக்கு வந்த சிறுவன் உ. ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட கருவியில் கமகம் நிற்காது என்பதால் ஒற்றைத் தந்திகள் ஐந்து என்று அதை மாற்றிக்கொண்டார். கருவியைத் திருத்தாமல் அந்த மேதைமை நம் காதுக்கு வந்தே சேர்ந்திராது. 1970களில் 'சக்தி' குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் வாசித்த ஜான் மெக்லாக்லின், தந்தியை வளைத்துக் கமகம் பிடிப்பதற்காக மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்த கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். இவர்களை விட வல்லவர்களா நம் செயலாளர்கள்?

'பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்றாரே' என்று ஒரு குரல் எழும். உண்மை, ஒரு காலகட்டத்தில் அவர் ஒலிபெருக்கியை மறுத்தார். ஆனால் அவர் கருவியில் அக்கறையற்றவராக இருந்தாரா? மிருதங்கம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து என்னும் கலைஞரோடு அவர் தோலையும் கட்டையையும் பற்றி நடத்திய இடைவிடாத சோதனைகளை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) நூல் விரிவாகச் சொல்கிறது. மணி ஐயரின் விரலுக்குப் பின்னால் பர்லாந்தின் விரலும் இருந்தது. அந்த இரண்டாவது விரலை மறைப்பதற்கே 'விரல் போதும்' என்ற வாதம் பயன்படுகிறது. தவிரவும், மைக் வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரம் மணி ஐயருக்கு இருந்தது. தியாகராய நகர்க் கல்யாண மண்டபத்தில், எண்ணூறு பேர் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் வரவேற்பில் வாசிக்கும் கிட்டார்க் கலைஞருக்கு அது உண்டா?

அந்த மண்டபத்துக்குள் கொஞ்சம் போவோம். நம்மிடம் தமிழ் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் இன்று மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கிறார். மாலை ஆறரை மணிக்கு வரவேற்பு என்றால் ஐந்து மணிக்கு இரு சக்கர வண்டியில், முதுகில் கிட்டார், முன்னால் பெடல் பெட்டி என்று போய்ச் சேர்கிறார். மேடையில் மூன்று துளை மின்செருகி இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் நிலத்தொடர்பு இருக்காது. கிட்டாரைச் செருகியதும் ஓர் இரைச்சல் எழும். வெறும் இரைச்சலோடு போனால் பாக்கியம். தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் மின்சாரம் தாக்கும். மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்துக்குச் செலவழிக்கப்பட்ட தொகை அந்த மாலையில் இசைக்குழுவுக்கே கொடுக்கப்படும் தொகையைத் தாண்டியிருக்கும். பூ வாடிவிடும் என்று தெரிந்தே செலவழிக்கிறார்கள். உயிரோடு வீடு திரும்ப வேண்டியவருக்கு ஒரு நிலக்கம்பி கிடையாது.

பாடல் பட்டியலையும் பாருங்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்து மெட்டு ஒன்று, அடுத்து 'இளைய நிலா' (1982), அதற்கு அக்கூஸ்டிக் கிட்டாரின் தெளிந்த ஒலி வேண்டும், அதற்கடுத்து ரகுமான் பாடல் ஒன்று, கிட்டார் உறும வேண்டும், கடைசியில் குத்துப்பாட்டு. ஒரே மாலையில், ஒரே மனிதர், நிமிட இடைவெளியில் நான்கு வேறு காலங்களின் ஒலிகளைத் தர வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பல கருவிகளும் பல நாட்களும் சேர்ந்து உருவாக்கியதை இவர் காலால் ஒரு பொத்தானை மிதித்துத் தர வேண்டியிருக்கிறது. 'பாட்டு ரெகார்டில் கேட்ட மாதிரி இல்லையே' என்று குறை சொல்லும் ரசிகரும், 'கருவி எதற்கு, விரல் போதாதா' என்று கேட்கும் ரசிகரும் ஒருவரே. இதில் உள்ள முரண் அவருக்குத் தெரிவதேயில்லை.

ஆகவே கச்சேரிக் கலைஞர் எதை முதலில் வாங்குவது, எதைப் பின்னால் வாங்குவது என்னும் கேள்வி பிழைப்பின் கேள்வி. அதற்கு இந்நகரத்தின் காற்றே பாதி விடை சொல்லிவிடும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிட்டார் செய்பவர்கள் அக்கருவிக்கு உகந்தது என்று சொல்லும் ஈரப்பதம் ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காடு. நம் ஊர்க் காற்று பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல்தான் நிற்கிறது. முழுமரப் பலகை கொண்ட அக்கூஸ்டிக் கிட்டார் ஈரத்தை உண்டு உப்புகிறது; தந்தி மெட்டிலிருந்து எழும்பிவிடுகிறது; விரல் வலிக்கிறது; சுருதி விலகுகிறது. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து தந்தியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. குளிரூட்டிய அரங்கிலிருந்து வெளியே வந்தால் மரம் மறுபடி மூச்சு வாங்குகிறது. இந்த ஊரில் கருவியின் விலை முதற்பிரச்சினை ஆகாது; பராமரிப்பே முதற்பிரச்சினை.

எனவே முதற்செலவு, இருக்கிற கிட்டாரைச் சீர்செய்வது. கழுத்தின் வளைவு, மெட்டுகளின் தேய்மானம், தந்தியின் உயரம், மேல் மெட்டுகளில் சுருதி சரியாக நிற்பது ஆகியவற்றை அறிந்த கை ஒன்று பார்த்துத் தர வேண்டும். வீணைக்கு மேளம் கட்டுவது போன்றதுதான் இது. மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதித்து மேளம் கட்டிக்கொள்ளும் வைணிகரைப் பார்த்துப் பொருளாசை பிடித்தவர் என்று யாரும் சொல்வதில்லை. அதோடு புதிய தந்தி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், சுருதி பார்க்கும் கருவி. எல்லாம் சேர்ந்தாலும் புதுக் கிட்டாரின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இரண்டாவது செலவு, கண்ணுக்குத் தெரியாத பொருட்கள். நல்ல கேபிள் இரண்டு. அடுத்து டி.ஐ. பெட்டி. கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய மின்னலை நீண்ட கேபிளில் ஓடினால் மேல்தாயி ஒலிகளை இழந்து, வழியெல்லாம் இரைச்சலைச் சேர்த்துக்கொண்டு மிக்ஸருக்குப் போய்ச் சேரும். அதை இரைச்சல் ஒட்டாத வடிவத்துக்கு மாற்றித் தருவது இந்தக் கையளவுப் பெட்டியின் வேலை. பெடல்கள் வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 9 வோல்ட் தரும் மின்வழங்கி. ஒரே அடாப்டரில் கிளை பிரித்து எல்லாவற்றையும் ஓட்டுபவர் பாதி இரைச்சலைத் தாமே விலைக்கு வாங்குகிறார். மூன்றாவது செலவு, பல ஒலிகளையும் ஒன்றில் அடக்கிய ப்ராசஸர். வால்வ் ஆம்ப்ளிஃபயரின் ஒலி இனிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபது கிலோ எடையை இரு சக்கர வண்டியில் ஏற்றி, ஜெனரேட்டர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த இனிமையின் விலை தெரியும். நான்காவதாக, மலிவானதேனும் மாற்றுக் கிட்டார் ஒன்று. பாட்டின் நடுவே தந்தி அறுந்தால் கல்யாண வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகே புதிய, விலையுயர்ந்த கிட்டார் பற்றிய பேச்சு.

இங்கே மறு சாராரையும் எதிர்கொள்ள வேண்டும். ரசிகர் கருவியே வேண்டாம் என்கிறார் என்றால், கடைத்தெரு கருவியே போதும் என்கிறது. 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கி மியூசி மியூசிகல் ஆக இன்றும் அண்ணாசாலையில் நிற்கும் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிய தலைமுறைகள் உண்டு. 1991க்கு முன் அயல்நாட்டுக் கருவி என்பது சுங்க வரிக்கும் உறவினரின் பெட்டிக்கும் இடையில் தொங்கிய கனவு; கொல்கத்தாவின் கிவ்சனும் ஹாப்னரும் கையில் கிடைத்த நிஜம். இன்று நிலை மாறிவிட்டது. 2019 முதல் சென்னையை அடுத்த யமஹா ஆலையிலேயே கிட்டார் செய்கிறார்கள். கைபேசியில் விரல் தட்டினால் உலகத்துப் பெடல்கள் எல்லாம் வாசலுக்கு வருகின்றன. பஞ்சம் போய் வேட்கை வந்துவிட்டது. பயிற்சி செய்ய வேண்டிய இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கருவி விமரிசனக் காணொளிகளுக்குப் போகிறது. தவணையில் வாங்கிய கிட்டாரின் தலையில் பொறித்த பெயர் மேடையில் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்கியவர்களை நாம் அறிவோம். தவணை முடியும் முன் அடுத்த மாதிரி வந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பெயருக்காக நம் இளைஞர்கள் தவமிருக்கிறார்களோ அந்த லியோ ஃபெண்டர் வானொலி பழுதுபார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே அவர் கருவியைத் திருத்தினார். கழுத்தைத் திருகாணியால் பொருத்தியது, கெட்டுப்போனால் எளிதில் கழற்றி மாற்றலாம் என்பதற்காக. 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் ஓரங்கள் வழித்து விடப்பட்டிருப்பது வாசிப்பவரின் விலா எலும்பு நோகக்கூடாது என்பதற்காக. உழைப்பாளியின் வசதிக்காகப் பிறந்த பொருளைப் பூசை அறைப் பொருளாக்கியது வியாபாரம். பூசிப்பவரும் இகழ்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவருமே கருவியை உழைப்பிலிருந்து பிரித்துவிடுகிறார்கள்.

கருவி உழைப்பின் அங்கம் என்பதை இந்த ஊரின் திரையிசையே சொல்லும். 'அன்னக்கிளி' (1976) வெளிவருவதற்கு முன் இளையராஜா மயிலாப்பூர் லஸ்ஸில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர், பிறரின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்து வாழ்ந்தவர். அதே 1976இல் ஆர்.கே. சேகர் மறைந்தபோது அவருடைய மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் சாப்பிட்டது. பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் ஆன அந்தச் சிறுவனிடம் போய்ப் 'பெட்டியில் ஒன்றுமில்லை தம்பி' என்று சொல்லியிருக்க முடியுமா? அந்த வீட்டில் பெட்டி என்பது அரிசி. 2020 ஊரடங்கில் கல்யாணமும் கோயில் விழாவும் நின்றபோது மேடைக் கலைஞர்கள் முதலில் விற்றது தம் கருவிகளைத்தான். விற்ற விலைக்குத் திரும்ப வாங்க முடியாதவர்கள் சிலர் இன்று வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் பதிவு செய்த ட்ராக் ஓடுகிறது. ட்ராக்குக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை.

நாம் கேட்பது அதிகம் இல்லை. கச்சேரி ஏற்பாடு செய்பவர் தொகை பேசும்போது வாசிப்பவரின் நேரத்துக்கு மட்டும் விலை பேசக்கூடாது; அவர் கொண்டுவரும் கருவியின் தேய்மானத்துக்கும் சேர்த்துப் பேச வேண்டும். வாடகைக்கு எடுக்கும் நாற்காலிக்குத் தேய்மானம் கணக்கிடுபவர்களுக்கு இது புரியாத கணிதம் ஒன்றும் இல்லை. மேடையில் நிலத்தொடர்புள்ள மின்செருகி இருக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் அரை மணி நேரம் ஒலிச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். ஒலியமைப்பாளரையும் கலைஞராக மதித்துக் கூலி தர வேண்டும். டிசம்பரில் டி.டி.கே. சாலைக்கும் வாணி மகாலுக்கும் நடந்து, வயலின் மைக் ஊளையிட்டது என்று மறுநாள் விமரிசனம் எழுதும் நாம், அந்த ஒலிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டு எழுத வேண்டும்.

கலைஞருக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. வாங்குங்கள், ஆனால் இன்றைய மேடையில் எது உங்கள் இசையைத் தடுக்கிறதோ அதை நீக்கும் பொருளை வாங்குங்கள். அது பெரும்பாலும் கிட்டாராக இருக்காது. கேபிளாக இருக்கும், தந்தியாக இருக்கும், சில நேரம் பயிற்சியாகவும் இருக்கும். கடைசியாகச் சொன்னது எந்தக் கடையிலும் இல்லை என்பதில் மட்டும் நம் பழமொழிப் பிரியர்களோடு நமக்கு உடன்பாடு.

கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனுக்கு நான்கு வெண்குதிரை பூட்டிய தேர் கொடுத்து, ஏழடி பின்னால் நடந்து வழியனுப்பினான் என்கிறது பொருநராற்றுப்படை. இரவு பதினொன்றரைக்குத் தியாகராய நகரில் பெடல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கு நாம் தேர் கேட்கவில்லை; ஆட்டோக் கட்டணம் போதும். அதையும் மறுத்துவிட்டு, 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எவருக்கேனும் தோன்றினால், முதலில் அதே மண்டபத்தின் சமையற்கட்டுக்குப் போய், வல்லவரான தலைமைச் சமையற்காரரிடம் 'அண்டா எதற்கு, கை போதாதா' என்று கேட்டுவிட்டு வரட்டும்.